கல்வெட்டில மாமாவை என்னெண்டு எழுதுறது?

கேள்வி: அக்கா, என்ர மாமா முந்திப் புலிகள் இயக்கத்தில போராளி. சண்டை முடிஞ்ச பிறகு அரசாங்கத்தின்ர புனர்வாழ்வு முகாம் முடிச்சு வந்து விசுவமடுவில லாண்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின், வாட்டர் பம்ப் எல்லாம் திருத்திக்கொண்டிருந்தவர். ஒரு கால் இல்லை, முதுகுக்குள்ள குண்டுச்சிதறல் பீசும் கிடந்தது. ஜெய்ப்பூர் காலைக் கழட்டி வேம்போட சாத்திப்போட்டு நிலத்தில இருந்துதான் எஞ்சின் பிரிப்பார். வருத்தத்தில மோசம் போயிட்டார். வாற கிழமை 31ஆம் நாள், கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகம் அடிக்கோணும். போராளி எண்டு போடச்சொல்லி சிநேகிதர்மார் நிக்கினம், மாமி பயப்பிடுறா, விசாரிக்க வருவாங்களாம். என்ன செய்ய?
- மருமகள், விசுவமடு

பதில்: மாமியின்ர பயத்தை லேசா எடுக்காதேங்கோ பிள்ளை. சிநேகிதர்மார் 31 சாப்பாட்டோட தங்கட வீட்டை போயிடுவினம், பிறகு படலைக்க மோட்டசைக்கிள் வந்து நிண்டால் பதில் சொல்லுறது அவதான். 1979இல தற்காலிகம் எண்டு சொல்லிக் கொண்டந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் எங்கட சனத்துக்குப் பழக்கிவிட்ட பயம் அது, ஒரு நாளில போகாது. அதால போடுறதோ விடுறதோ மாமி சொல்லட்டும்.

சிம்பாப்வேயில விடுதலைப்போரில நிண்டவைக்கெண்டு ஹராரேயில பெரிய மயானம் கட்டி வச்சிருக்கினம், ஆனா ஆர் தேசிய வீரன் எண்டு முடிவெடுக்கிறது ஆளுங்கட்சி. 37 வருசம் நாட்டை ஆண்ட முகாபே 2019இல செத்தபோது வீட்டாக்கள் அங்க வேண்டாம் எண்டு சொல்லி குட்டாமா எண்ட சொந்த ஊரிலயே அடக்கினவை. அவருக்கே அப்பிடி, உங்கட மாமிக்கு அந்த உரிமை இல்லையோ?

போராளி எண்ட சொல் இல்லாட்டியும் எழுத நிறையக் கிடக்கு. அந்த வேம்படியை எழுதுங்கோ. ஆற்ற பம்ப் ஓடாமல் வெங்காயம் காயக் கிடந்தது, ஆரிட்டக் காசு வாங்காமல் திருத்திக் குடுத்தவர், பீஸ் குத்தின நாளில எப்பிடி வேலை செய்தவர், இதெல்லாம் அந்தச் சனத்திட்டயே கேட்டு எழுதுங்கோ. அரசாங்கக் கணக்கில கிட்டத்தட்ட 12,000 பேர் புனர்வாழ்வு முடிச்சு வந்தவை, வந்த பிறகு என்னெண்டு சீவிச்சவை எண்டு எழுதி வைக்கிற ஆக்கள் குறைவு. மேடையில எல்லாரும் சண்டை முடிஞ்ச 2009ஓட கதையை நிப்பாட்டிப் போடுவினம், எனக்கு அதில சரியான கோவம்.

இன்னொண்டு, புனர்வாழ்வுச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே ஒண்டையும் எறிஞ்சு போடாதேங்கோ. சிநேகிதர்மார் பனர் அடிக்கக் காசு சேர்க்கினமெண்டால் அதைப் பிள்ளையளின்ர ரியூசனுக்குத் தரச்சொல்லிக் கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ.

கேள்வி: வருத்தத்தில செத்த முன்னாள் போராளிக்கு மாவீரர் நாளான நவம்பர் 27இல விளக்கேத்தலாமோ?
- ஒரு வாசகர், மாங்குளம்

பதில்: 1982 நவம்பர் 27இல செத்த, புலிகளின்ர முதல் மாவீரர் எண்டு சொல்லுற சங்கரின்ர நாளை வச்சு 1989இல தொடங்கின நாள் அது, களத்தில செத்தவைக்கெண்டு. அதால மாவீரரைப் புதைச்ச துயிலும் இல்லத்தில இவருக்கு ஏத்தக்கூடாது எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். அங்க பிள்ளையளைக் குடுத்த தாய்மார் நிப்பினம், ஆமி இடிச்ச கல்லறைக் கல்லுகளைக் கூட்டிவச்சு அழுற சனம், அவையோட போய் இதுக்குச் சண்டை பிடியாதேங்கோ. வீட்டு வாசலில ஏத்துங்கோ, அதுக்கு ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவையில்லை. அவர் செத்த திதியில இன்னொருக்கா ஏத்துங்கோ. அரசியல்காரர் மைக்கோட வந்தால் தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடுங்கோ.