பழைய பயணக் கப்பல்களில் பயன்படுத்திய பீங்கான் பாத்திரங்களைச் சேகரிக்க ஆசை. எங்கே தொடங்குவது, அசலை எப்படி அடையாளம் காண்பது?

தட்டைத் திருப்பிப் பாருங்கள். என் பதிலில் பாதி இதுதான். முன்பக்கத்தில் இருக்கும் கப்பல் கம்பெனிச் சின்னத்தைப் பார்த்தவுடன் பணத்தை எடுத்து நீட்டுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன்.

நான் பர்மிங்ஹாமில் வசிக்கிறேன். இங்கிலாந்துப் பீங்கானின் தாய்வீடான ஸ்டோக் ஆன் ட்ரென்ட் இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். 2011 முதல் சேகரித்து வருகிறேன். குனார்டு, ஒயிட் ஸ்டார், பி அண்ட் ஓ என்ற கப்பல் கம்பெனிகளின் பாத்திரங்களாக அறுபது உருப்படிகளுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன.

தொடங்கும்போதே டைட்டானிக் ஆசையைத் தள்ளி வைத்துவிடுங்கள். நான் முதன்முதலில் வாங்கியது 'ஆர்.எம்.எஸ். டைட்டானிக் 1912' என்று நீல எழுத்தில் அச்சிட்ட ஒரு கப். இணையத்தில் ஒருவர் விற்றார், ஒரு வார யோசனைக்குப் பிறகு வாங்கினேன். கையில் வந்த அன்றே மனசுக்குள் ஏதோ உறுத்தியது. விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. டைட்டானிக்கை ஓட்டிய ஒயிட் ஸ்டார் கம்பெனி தன் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாகத்தான் பாத்திரம் வாங்கியது. அதனால் அவற்றில் கப்பலின் பெயர் இருக்காது, கம்பெனியின் அடையாளம்தான் இருக்கும். வெள்ளை நட்சத்திரம் போட்ட சிவப்புக் கொடி ஓர் அடையாளம். ஓஷியானிக் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்ற அதன் சட்டப்பூர்வப் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிப் போட்டது இன்னொன்று. 'டைட்டானிக்' என்று பெரிதாக எழுதியிருந்தாலே அது நினைவுப் பொருளாகச் செய்தது, இல்லையென்றால் ஏமாற்று.

டைட்டானிக்கில் ஏற்றிய பீங்கான் உருப்படிகள் சுமார் 57,600 என்று கணக்கு. அவை போன இடம் 3,800 மீட்டர் ஆழம். 1987 முதல் அந்த இடத்திலிருந்து சில ஆயிரம் பொருட்களை மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அவற்றைப் பிரித்துத் தனித்தனியாக விற்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. அப்படியானால் சந்தைக்கு வரும் அசல் ஒயிட் ஸ்டார் பீங்கான் எங்கிருந்து வருகிறது? மற்ற கப்பல்களிலிருந்து. டைட்டானிக்கின் அக்கா ஒலிம்பிக் 1911 முதல் 1935 வரை ஓடியது. உடைப்புக்குப் போனபோது அதன் உள்பொருட்கள் ஏலத்துக்கு வந்தன. அதே வடிவம், அதே சூளை, அதே மேசை. இது போதும் என்று மனம் ஒப்புக்கொண்டால் இந்தச் சேகரிப்பில் நிம்மதியாக இருக்கலாம்.

சரி, அடிப்பக்கத்துக்கு வருவோம். அங்கே பல சமயம் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று பீங்கானைச் செய்தவர்: மின்டன், ஸ்போட், ராயல் டோல்டன் இப்படி. மற்றொன்று கப்பல் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்த வியாபாரி. ஒயிட் ஸ்டார் உருப்படிகளில் அடிக்கடி வருவது லிவர்பூல் ஸ்டோனியர் கம்பெனியின் பெயர். ஸ்டோனியர் பீங்கான் செய்தவர் அல்ல, விற்றவர். இது தெரியாமல் 'ஸ்டோனியர் தொழிற்சாலைத் தயாரிப்பு' என்று விவரம் எழுதும் விற்பனையாளரிடம் மற்ற தகவல்களையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வயதையும் முத்திரையே சொல்லிவிடும். சாய்சதுர வடிவப் பதிவு முத்திரை இருந்தால் அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. 1884 முதல் அதற்குப் பதிலாக வெறும் பதிவு எண் வந்தது. 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிறகு. அமெரிக்காவின் புது வரிச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று கேட்டதுதான் காரணம். 'ராயல்' என்ற அடைமொழி டோல்டனுக்குக் கிடைத்தது 1901ல். குனார்டும் ஒயிட் ஸ்டாரும் இணைந்தது 1934ல், அந்தக் கூட்டுப் பெயர் 1949 முடிவு வரை நீடித்தது. ஒருமுறை ஒரு பழம்பொருள் சந்தையில் 'குனார்டு ஒயிட் ஸ்டார்' முத்திரை போட்ட சூப் தட்டை குனார்டின் லூசிட்டேனியா கப்பலிலிருந்து வந்தது என்று சொல்லி ஒருவர் நீட்டினார். லூசிட்டேனியா மூழ்கியது 1915ல். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு விற்றவர் அப்படிச் சொல்லியிருப்பார். வாய்வழியாக வரும் கதை ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் வளர்ந்துவிடுகிறது, முத்திரை அப்படியே நிற்கிறது.

முத்திரைக்கு அப்புறம் தேய்மானம். தட்டை ஜன்னலருகே கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். என்னிடம் ஒரு சிறிய குனார்டு தட்டு இருக்கிறது. நேராகப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். சாய்த்தால்தான் அதன் வாழ்க்கை தெரியும். நடுவில் கத்தி பட்ட மெல்லிய கீறல்கள், எல்லாத் திசையிலும், தலைமுடியை வெட்டிப் போட்டது போல. அவற்றைச் சுற்றி ஒரு மங்கலான வட்டம். அது வடிவமைப்பின் பகுதி என்று வெகுநாள் நினைத்திருந்தேன். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேல்தட்டின் அடிவளையம் கீழ்த்தட்டை உரசுகிறது. கப்பல் ஆடும்போது இன்னும் உரசும். அந்த உரசல்தான் வட்டமாகப் பதிந்திருக்கிறது. அடியில் கண்ணாடி போன்ற மெருகு இல்லாத வளையத்தில் பழுப்பேறிய அழுக்கும் உண்டு. போலியில் இது எதுவும் இயல்பாக இருக்காது. பழைய வெள்ளைத் தட்டில் புதிதாகச் சின்னம் ஒட்டிச் சுட்டிருந்தால், கீறல்கள் சின்னத்துக்கு அடியில் புகுந்து போகும். அசலில் கீறல் சின்னத்துக்கு மேலே ஓடும்.

ஒட்டுப்போட்ட உருப்படியைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன புற ஊதா டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள். பசையும் மேல்பூச்சும் அந்த வெளிச்சத்தில் வேறு நிறமாக மின்னும். விரலால் சுண்டினால் முழுத்தட்டு மணி போல ஒலிக்கும், மயிரிழை விரிசல் விட்டது 'தட்' என்று அடங்கிவிடும். நம் ஊரில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதேதான்.

எதில் தொடங்கலாம் என்றால், என் ஓட்டு குனார்டின் சதுர டீபாட்டுக்கு. ராபர்ட் க்ராஃபோர்ட் ஜான்சன் என்பவர் 1917ல் பதிவு செய்த வடிவம் இது, பிறகு குவீன் மேரி போன்ற கப்பல்களுக்கு ஏறியது. முதன்முதலில் அதைக் கையில் எடுத்தபோது எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை. முழுக்க ஒரு கனசதுரம், மூக்கு வெளியே நீட்டவில்லை. ஒரு மூலையையே மழித்துச் சின்ன வாய் ஆக்கியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் குடைந்து, விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டதுதான் கைப்பிடி. மூடி உள்ளே அமுங்கி உட்கார்ந்திருக்கும். கவிழாது, மூக்கு உடையாது, அலமாரியில் செங்கல் போல நெருக்கி அடுக்கலாம். கடல் கொந்தளித்தால் பாத்திரம் நழுவாமலிருக்க ஸ்டீவர்டுகள் மேசை விரிப்பைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்குவார்கள், மேசை ஓரத்தில் தடுப்புச் சட்டத்தைத் தூக்கி நிறுத்துவார்கள். அந்த மேசையில் இந்த டீபாட்டை வைத்து யோசித்தால் அதன் ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் தெரியும். பல உற்பத்தியாளர்கள் செய்ததால் அவ்வப்போது கிடைக்கிறது, ஒயிட் ஸ்டார் அளவுக்கு விலை ஏறவும் இல்லை. வாங்கும்போது வாயின் நுனியை விரலால் தடவிப் பாருங்கள், முதலில் சில்லு போகும் இடம் அதுதான்.

முதல் வகுப்புப் பீங்கான் அழகுதான், மறுக்க மாட்டேன். எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனா, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியும். தங்கக் கரை, கோபால்ட் நீலம். ஆனால் என் மனம் போவது மூன்றாம் வகுப்பின் தடித்த வெள்ளைக் கப்புகளிடம். நடுவில் சிவப்புக் கொடி மட்டும், வேறு அலங்காரம் கிடையாது. ஊரை விட்டுப் புறப்பட்டு அமெரிக்கா போனவர்கள் குடித்த கப். அந்தக் காலத்தில் யாரும் பாதுகாக்க நினைக்காததால் எண்ணிக்கையில் குறைவு, விலையும் இப்போது குறைவில்லை. என்னிடம் ஓரம் சில்லு போன ஒன்றுதான் இருக்கிறது, அந்தச் சில்லுதான் எனக்குக் கட்டுப்படியான விலைக்கு அதைக் கொண்டுவந்தது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்: இவற்றில் சாப்பிடாதீர்கள். பழைய மெருகிலும் வண்ணங்களிலும் ஈயம் இருக்கலாம், வண்ணம் தேய்ந்திருந்தால் ஆபத்து அதிகம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் தங்கக் கரை போய்விடும். வெதுவெதுப்பான நீர், மென்மையான துணி போதும். சுவரில் மாட்டக் கம்பிக் கொக்கி வேண்டாம், அது ஓரத்தை நெருக்கி விரிசல் விடும். வாங்கிய தேதி, இடம், விற்றவர் சொன்ன கதை எல்லாவற்றையும் அன்றே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

மூன்றாம் வகுப்பு மேல் எனக்கு ஏன் இவ்வளவு பாசம் என்று வீட்டில் கேட்பார்கள். என் தாத்தா பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு வந்தது ரஜுலா கப்பலில். 1926ல் கிளாஸ்கோவில் கட்டி, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி 1973 வரை ஓட்டிய கப்பல். அதிலும் கேபின் பயணிகளுக்குப் பீங்கான் தட்டும் கப்பும் இருந்திருக்கும். தாத்தா கேபின் இல்லாமல் கப்பல் தளத்திலேயே பயணம் செய்த டெக் பயணி, தன் சாப்பாட்டுத் தட்டையும் செம்பையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தவர். அந்தக் கம்பெனியின் பீங்கானைப் பன்னிரண்டு வருடமாகத் தேடுகிறேன், நல்லதாக ஒன்றும் அமையவில்லை. அலமாரியின் மேல்தட்டில் அதற்கென்று ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அங்கே தாத்தாவின் பித்தளைச் செம்பு இருக்கிறது, கழுத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகள் புள்ளி புள்ளியாக வெட்டியது.