ரோமானியக் கல்வெட்டு படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. பி.ஏ. வரலாறு படிக்கும் மகன் ராத்திரியெல்லாம் ரோமானியக் கல்வெட்டுத் தளங்களிலேயே கிடக்கிறான், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரோமானியத் தொல்லியலை மட்டும் நம்பினால் கஷ்டம்தான். வேலைகள் குறைவு, பெரும்பாலும் ஐரோப்பாவில், அதுவும் திட்டம் ஓடும்வரைதான். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைத் தொகுத்த ஜெர்மனியின் ஹைடல்பெர்க் தரவுத்தளத் திட்டமே 2021-உடன் முடிந்துவிட்டது.

ஆனாலும் பையன் பொழுதை வீணடிக்கவில்லை. பிரிட்டனின் ரோமானியக் கல்வெட்டுத் தளத்தில் 1065ஆம் எண்ணைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வட இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸில் கிடைத்த கல்லறைக் கல் அது. சிரியாவின் பல்மைராவிலிருந்து வந்த பராத்தீஸ், 30 வயதில் இறந்த தன் மனைவி ரெஜினாவுக்கு வைத்தது. அவள் பிரிட்டனின் கட்டுவெல்லௌனி குலத்துப் பெண். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள். லத்தீன் வரிகளுக்குக் கீழே அவன் தாய்நாட்டு எழுத்தில் ஒரு வரி, 'ஐயோ' என்று முடிகிறது. கல்லின் தலையில் டி, எம் என்று இரண்டே எழுத்து. 'இறந்தோரின் ஆவிகளுக்கு' என்று பொருள்படும் 'டிஸ் மானிபுஸ்' என்பதன் சுருக்கம் அது. மீதியைத் தளத்தில் பிறை அடைப்புக்குள் விரித்திருப்பார்கள். சிதைந்த இடத்தை அறிஞர்கள் ஊகித்து நிரப்பினால் சதுர அடைப்பு. கல்லில் இருப்பது எது, நாம் சேர்த்தது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகியிருக்கிறானே, அதுதான் அவன் மூலதனம்.

இந்த அடைப்புகளையெல்லாம் கணினிக்குப் புரியவைக்க எபிடாக் என்ற எக்ஸ்எம்எல் முறை, அதாவது உரைக்குள் குறிகள் இட்டு எழுதும் முறை, இருக்கிறது. தர்மா என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் இதே முறையில்தான் பதிப்பித்திருக்கிறது. ஆகவே லத்தீனோடு எபிடாக்கும் பைத்தான் என்ற நிரல்மொழியும் கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டும். ஆவணக் காப்பகம், நூலகம், அருங்காட்சியகம் என்று மின்பதிப்பு வேலை நடக்கும் இடங்களில் விண்ணப்பிக்க அது கைகொடுக்கும். முதுகலைக்குத் தொல்லியலோ கல்வெட்டியலோ எடுக்கலாம்.

இந்த விடுமுறைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஏதாவது ஒரு ரோமானிய ஊரை எடுத்து, அங்கே கிடைத்த கல்லறைக் கல்வெட்டுகளைத் திரட்டி, பெயர், வயது, தொழில் என்று அட்டவணை போடட்டும். லத்தீன் கல்வெட்டுகளைத் திரட்டும் கிளாவ்ஸ்-ஸ்லாபி தளத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் பதிவுகள் இருப்பதால் அங்கே தேடத் தொடங்கலாம். ஆனால் ஒவ்வொன்றையும் ஹைடல்பெர்க்கின் பழைய பதிவுகளிலோ அச்சுப் பதிப்பிலோ ஒத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். முடித்ததும் என்னிடம் அனுப்பச் சொல்லுங்கள், எந்தப் பல்கலைக்கழகம் என்று அப்புறம் பேசலாம். அதுவரை வங்கித் தேர்வுப் பேச்சை வீட்டில் எடுக்க வேண்டாம்.