துறைக் கருத்தரங்குக்குப் பல்கலைக்கழக விக்கியில் புதுப் பக்கம் தொடங்குவது எப்படி?

உங்கள் விக்கி, மீடியாவிக்கி என்ற மென்பொருளில் ஓடுகிறது, 'புதுப் பக்கம்' என்ற பொத்தானைக் காணவில்லை என்கிறீர்கள். அதில் வழக்கமாக அப்படியொரு பொத்தானே கிடையாது.

துறையின் முதன்மைப் பக்கத்தில் 'தொகு' என்பதைச் சொடுக்கி, வேண்டிய தலைப்பை [[இயற்பியல் கருத்தரங்கு 2025]] என இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதிச் சேமியுங்கள். அந்தப் பக்கம் இன்னும் இல்லாததால் இணைப்பு சிவப்பாகத் தெரியும். அதைச் சொடுக்கினால் காலிப் பெட்டி திறக்கும். எழுதி, முன்தோற்றம் பார்த்து, சேமித்தால் சரி. தேடல் பெட்டியில் தலைப்பைத் தட்டியும் தொடங்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் எந்த இணைப்பும் இல்லாத அநாதைப் பக்கமாகிவிடும், எளிதில் யார் கண்ணிலும் படாது. 'தொகு' இருக்கவேண்டிய இடத்தில் 'மூலத்தைக் காண்க' என்று இருந்தால் உங்களுக்கு அனுமதி இல்லை. முதலில் உள்நுழைந்து பாருங்கள்.

ஒவ்வொரு உரைக்கும் தனிப் பக்கம் வேண்டாம். பருவத்துக்கு ஒரு பக்கம் போதும்: மேலே நாள், பேச்சாளர், தலைப்பு, அறை எண் கொண்ட அட்டவணை, கீழே உரைச் சுருக்கங்கள் தனித்தனிப் பகுதிகளாக. இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினாலும், அவரவர் பகுதியை மட்டும் தொகுத்தால் மோதல் பெரும்பாலும் வராது. அடுத்த பருவத்துக்குப் பழைய பக்கத்தை அழித்து எழுதாமல், நகலெடுத்துப் புதிதாகத் தொடங்குங்கள்.

அப்புறம், இணையவழிக் கூட்டத்தின் கடவுச்சொல்லைப் பக்கத்தில் போடாதீர்கள். நீக்கினாலும் பக்க வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். நிர்வாகிதான் மறைக்க முடியும்.