தோட்டப்புறத்து ஆவிக் காதலும் அம்மாவை மன்னிப்பதும் ஒரே கதையாவது எப்படி?

கேள்வி இது: மலேசியாவில் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டப்புற ஊர். ஐந்தாம் படிவம் படிக்கும் 17 வயதுப் பெண், சின்ன வயதிலேயே விட்டுப்போன அம்மா, ஆவியாக வரும் ஒரு பையன். இளையோர் நாவலாக எழுதும்போது காதல் ஒரு பக்கமும் அம்மா கதை இன்னொரு பக்கமும் போகின்றன. எப்படிச் சேர்ப்பது?

இரண்டும் ஒட்டாமல் நிற்கக் காரணம் பெரும்பாலும் ஆவிதான். அழகாக இருப்பான், சோகமாகச் சிரிப்பான், ஆனால் அவன் பேரில் ஒரு குற்றமும் இருக்காது. அவனையும் விட்டுப்போனவனாக ஆக்குங்கள். அம்மா செய்ததையே செய்த ஒருவனைத்தான் அந்தப் பெண் காதலிக்கிறாள். அது அவளுக்குப் பாதிக் கதையில் தெரியவருகிறது. இந்த முடிச்சு விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நகரும்.

நம் தோட்டங்களில் இதற்கு வரலாறே இடம் கொடுக்கிறது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த சயாம் (தாய்லாந்து) – பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். அதைப் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். சிலரைச் சம்பளம், அரிசி என்று ஆசை காட்டி, பலரைப் பிடித்து லாரியில் ஏற்றி. காலராவிலும் பட்டினியிலும் போனவர்கள் எந்தத் தேதியில் செத்தார்கள் என்றுகூட வீட்டுக்குத் தெரியாது. அந்தப் பையன் அப்பாவுக்குப் பதிலாகத் தான் லாரி ஏறியவனாக இருக்கட்டும். தாயிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மகன் செத்தான் என்று ஒப்புக்கொள்ள மறுத்த தாய், கருமாதியும் செய்யவில்லை, படையலும் போடவில்லை. அதனால்தான் அவன் இன்னும் அங்கே நிற்கிறான்.

இனி ஆவியின் விதிகள். கதையைத் தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: எப்போது வருவான், எதைத் தொடுவான், எங்கே போக முடியாது, எதனால் மறைவான். நான்கு போதும். இருபதாவது அத்தியாயத்தில் வசதிக்காக ஐந்தாவது விதி முளைத்தால் வாசகர் நம்பிக்கை அங்கேயே போய்விடும். அந்தப் பக்கத்து ஆற்றங்கரைக் கிராமமான கம்போங் குவாந்தானின் மின்மினிப் பூச்சிகளைக் காதல் காட்சிக்கு எடுக்க எல்லோருக்கும் கை அரிக்கும். தோட்ட எல்லையைத் தாண்ட முடியாதவன் ஆற்றங்கரைக்கு எப்படி வருவான்? அந்தக் காட்சியை வேறு யாருக்காவது கொடுங்கள்.

நேரத்தை நன்றாகப் பயன்படுத்தலாம். ஜப்பானியர் காலத்தில் மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டன. இன்றைய மலேசிய நேரத்தைவிட அது ஒரு மணி முன்னே. அவன் லாரி ஏறியது அவன் கணக்கில் காலை 5 மணி என்றால், நம் கணக்கில் 4. அவன் தோன்றும் நேரமும் அதுவே. அம்மா ஜொகூர் பாருவில் தங்கி, பாலம் தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போகிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளும் நெரிசலுக்கு முன் கிளம்ப அதே 4 மணிக்கு எழுகிறவள். பெண் யாரிடம் பேசுவது என்று தினமும் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். போனை எடுத்தால் அவன் மறைவான்.

இடமும் அப்படித்தான். அவனுக்குத் தெரிந்தது ரப்பர்த் தோட்டம். இன்று அங்கே செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. பால் மரங்களின் நிரை (வரிசை) பிடித்து நடந்தவனுக்கு அந்த நிரையே இல்லை. மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), ஒட்டுப்பால் (காய்ந்து ஒட்டிய ரப்பர்ப் பால்), பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) என்று பேசுவான், அவள் அதையெல்லாம் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் என்பதால் பெண்ணும் பாட்டியும் பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருப்பதே பொருத்தம். முதல் பயக் காட்சிக்கு ஆந்தையைப் பயன்படுத்துங்கள். எலி பிடிக்கச் செம்பனைக் காட்டில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைப்பது வழக்கம். வெள்ளை முகமும் அந்தக் கிறீச்சென்ற சத்தமும் போதும், ஆவியா பறவையா என்று வாசகர் தடுமாற.

பலர் தவறவிடுவது உறவுமுறை. 1943இல் 17 வயது என்றால் அவன் பிறந்தது 1926. பாட்டிக்கு இப்போது எழுபது என்றால் அவளுடைய தாய் ஏறக்குறைய இவன் வயதுக்காரி. ஒரே தோட்டத்தில் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் என்றால் இவன் கொள்ளுத்தாத்தாவுக்குத் தம்பியாகக்கூட இருக்கலாம்! தமிழ் வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே கணக்குப் போட்டுவிடுவார். பெண்ணின் குடும்பம் 1950களிலோ 60களிலோ, பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலின்போது வேறு தோட்டத்திலிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சிக்கல் தீரும்.

அம்மாவிடம் வருவோம். இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கடைசியில் ஒரு பழைய கடிதம் கிடைக்கும், அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை என்று தெரியும், மகள் அழுவாள். தப்பே இல்லை என்றால் மன்னிக்க என்ன இருக்கிறது? ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) கடன் அவளைத் துரத்தியிருக்கலாம். ஆனால் கடன் அடைந்த பிறகும் நான்கு வருடம் வராமல் இருந்தது அவளே எடுத்த முடிவாக இருக்க வேண்டும். மகள் நேராகக் கேட்க வேண்டும்: "கடன் முடிஞ்சப்புறம் ஏன் வரல?" அதற்கு அம்மாவிடம் நல்ல பதில் இருக்கக் கூடாது. "வர வெக்கமா இருந்துச்சு" என்பதற்கு மேல் அவளால் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவைப் படுக்க வைக்காதீர்கள். சாகப்போகிறவளை மன்னிப்பது மகளுக்குக் கட்டாயமாகிவிடும்.

ஆவியை நீதிபதியாக்கவும் வேண்டாம். "உன் அம்மாவை மன்னித்துவிடு" என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லக் கூடாது. அவனுக்குப் போவதைத் தவிர வேறு வழி குறைவு, அம்மாவுக்கு இருந்தது. இந்த வித்தியாசத்தைப் பெண்ணே சொல்லிச் சண்டை போடட்டும். "உன்னைக் கொண்டு போனாங்க. அவங்க தானா போனாங்க." அதற்கு அவன், "சொல்லாமப் போனது நானாத்தான்" என்றால் போதும்.

முடிவில் படையல் போட வேண்டும். போட்டால் அவன் போய்விடுவான், அதுதான் அவள் கொடுக்கும் விலை. பாட்டி பயந்து மறுத்துவிடுகிறாள். எப்படிப் படைப்பது என்று தெரிந்த வேறொருத்தி அம்மாதான். மகள் 4 மணிக்குப் போன் எடுத்து அவளை வரச் சொல்கிறாள். வந்தவள் வாசலில் நின்று "பசியாறிட்டியா?" என்றுதான் கேட்பாள், நம் வீடுகளில் மன்னிப்பு அதற்கு மேல் வாய்விட்டு வராது. இருவரும் சேர்ந்து மரவள்ளிக் கிழங்கு அவிக்கிறார்கள், கருவாடு பொரிக்கிறார்கள், கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) கலக்குகிறார்கள். சமையலுக்கு நீளம் கொடுங்கள், ஒரு முழு அத்தியாயம்கூடத் தகும். கட்டிப்பிடித்து அழும் காட்சி தேவைப்படாது.

அளவு சொல்வதானால் 50,000 சொல் பொருத்தமாக இருக்கும். அம்மாவின் குரல் முதல் 10,000 சொல்லுக்குள் போனிலாவது கேட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் கடைசியில் வந்து இறங்கும் விருந்தாளியாகத் தெரிவாள். தோட்டத்து முனியாண்டி கோயிலைப் பேய் ஓட்டும் இடமாக மட்டும் காட்டாதீர்கள். அந்தப் பையனும் அவன் தாயும் கும்பிட்ட சாமி அது. படையல் முறை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். எழுதும் முன் அந்த ஊர்ப் பூசாரியிடமும் ஒரு வயதான அம்மாவிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.