ரூப்ரிக் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மழைநீர் சேமிப்பு பற்றி ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். கூடவே கட்டம் போட்ட ஒரு தாள், மேலே ‘ரூப்ரிக்’ என்று தலைப்பு. உள்ளடக்கம் 4, அமைப்பு 4, மொழி 4, படைப்பாற்றல் 4 என்று மதிப்பெண். அந்தத் தாளை எதிரில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வரியும் எழுதுகிறாள். என் கணவர், ஆபீஸ் அப்ரைசலிலும் இதே வார்த்தைதான் என்கிறார். பக்கத்து ஃப்ளாட் ஆன்ட்டி தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அது பூசைப் புத்தகத்தில் வரும் சிவப்பு எழுத்து என்று அடித்துச் சொல்கிறார். ரூபிக் க்யூபுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று மகள் கேட்கிறாள். யார் சொல்வது சரி? இப்படிப் பார்த்துப் பார்த்து எழுதுவது நல்லதா?

எம்.,
முலுண்ட், மும்பை

அன்புள்ள எம்.,

ஆன்ட்டி சொல்வது சரி. உங்கள் கணவர் சொல்வதும் தப்பில்லை, அவர் சொல்வது அதே வார்த்தையின் புதிய வேலை. ரூபிக் க்யூப் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. 1974இல் அதைச் செய்த ஹங்கேரிக்காரர் எர்னோ ரூபிக்கின் பெயர் அது, அவ்வளவுதான்.

லத்தீனில் ரூபர் என்றால் சிவப்பு. ரூப்ரிகா என்றால் செங்காவி மண். தச்சர்கள் மரத்தில் கோடு போட வைத்திருந்த காவிக்கும் அதுதான் பெயர். ரோமில் சட்டங்களின் தலைப்பைச் சிவப்பில் எழுதியதால் மண்ணின் பெயர் தலைப்புக்குப் போனது, அப்புறம் சட்டத்துக்கே ஆகிவந்தது. இந்த ரூபரும் சமஸ்கிருதத்து ருதிரமும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பார்கள் மொழியியல்காரர்கள், ருதிரம்தான் நம் வாயில் உதிரம் ஆனது.

இடைக்கால ஐரோப்பாவில் இது ஒரு தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. எழுத்தர் கறுப்பு மையில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போவார், தலைப்பும் அத்தியாயத்தின் முதல் எழுத்தும் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிடுவார். பிறகு இன்னொருவர் சிவப்பு மையோடு வந்து அந்த இடங்களை நிரப்புவார். அவருக்குக் குழப்பம் வரக்கூடாது என்று பொடி எழுத்தில் ஓரத்தில் குறிப்பும் இருக்கும். சில சுவடிகளில் அந்தச் சிவப்புக்காரர் வரவே இல்லை, காலி இடம் இன்றுவரை காலியாகவே கிடக்கிறது! அவர்கள் பயன்படுத்திய ஈயச் செந்தூரத்துக்கு மினியம் என்று பெயர், மினியேச்சர் என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான், சின்னது என்ற அர்த்தம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 1450களில் குட்டன்பர்க் பைபிளை அச்சிட்டபோது ஆரம்பத்தில் சில பக்கங்களில் சிவப்பையும் எந்திரத்திலேயே போட்டுப் பார்த்தார், ஒத்துவரவில்லை, மீதியைக் கைக்காரர்களிடமே விட்டுவிட்டார். நம் ஓலைச்சுவடிகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எழுத்தாணியால் கீறிவிட்டு மேலே கரி தடவித் துடைக்கிற முறையில் இரண்டு நிறத்துக்கு வழி ஏது.

ஆன்ட்டி சொன்ன பூசைப் புத்தகத்துக்கு வருவோம். அதில் கறுப்பில் இருப்பது குருவானவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது, சிவப்பில் இருப்பது செய்ய வேண்டியது. இங்கே எழுந்து நில், இங்கே கைகளை விரி, இங்கே மண்டியிடு என்பதெல்லாம் சிவப்பு. சிவப்பை யாரும் சத்தமாக வாசிக்க மாட்டார்கள். எனக்கு இந்தச் சொல்லின் வரலாற்றிலேயே முக்கியமாகப் படுவது இதுதான். ரூப்ரிக் நூலுக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஆனால் நூலில் சேராது. இந்தக் குறிப்புகளுக்காகச் சண்டையும் நடந்திருக்கிறது. 1552இல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகம் அச்சில் இருக்கும்போதே, நற்கருணை அப்பத்தை மண்டியிட்டு வாங்குவது அதை வணங்குவதாகுமா என்று தகராறு வந்து, ஆகாது என்று ஒரு விளக்கத்தைக் கடைசி நேரத்தில் செருகினார்கள். பின்னாளில் அதற்குக் ‘கறுப்பு ரூப்ரிக்’ என்றே பெயர் வைத்தார்கள், கறுப்பு மையில் வந்த சிவப்பெழுத்து! நாம் வீட்டில் தினசரி காலண்டரில் விடுமுறையைச் சிவப்பில் பார்க்கிறோமே, ஐரோப்பாவில் அந்தப் பழக்கம் சர்ச் காலண்டரில் திருநாட்களைச் சிவப்பில் குறித்ததிலிருந்து வந்தது.

முலுண்டிலிருந்து எழுதுவதால் இன்னொன்றும் சொல்கிறேன். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் இளமைக்காலக் காதலைப் பற்றி 1290களில் எழுதிய வீடா நுவோவா நூலின் முதல் வாக்கியத்திலேயே இந்தச் சொல் வருகிறது. என் நினைவு என்ற புத்தகத்தில் ஓரிடத்தில் ஒரு ரூப்ரிக் இருக்கிறது, ‘புது வாழ்வு தொடங்குகிறது’ என்று அதில் எழுதியிருக்கிறது என்று ஆரம்பிப்பார். அதே தாந்தேயின் டிவைன் காமெடி காவியத்துக்கு மிகப் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று நம் ஃபோர்ட் டவுன் ஹாலில், ஆசியாட்டிக் சொசைட்டியிடம் இருக்கிறது. பம்பாய் கவர்னராக இருந்த எல்ஃபின்ஸ்டன் கொடுத்தது. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி அதை விலைக்குக் கேட்டு ஆளனுப்பினார், இவர்கள் தரமாட்டோம் என்றுவிட்டார்கள் என்று இந்த ஊரில் ஒரு கதை உண்டு. சென்ட்ரல் லைனில் போகும்போது இதையெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டு போகலாம், மழைநீரைவிட சுவாரசியம்.

சரி, பள்ளிக்கூடம். பிரிட்டிஷ்காரர்களுக்கு வெகுநாளாக ரூப்ரிக் என்றால் வினாத்தாளின் தலையில் வரும் குறிப்பு, எவையேனும் ஐந்து வினாக்களுக்கு விடை தருக என்பது மாதிரி. மதிப்பெண் கட்டம் என்ற அர்த்தம் அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியது. அந்தக் கட்டத்துக்குப் பின்னால் உள்ள ஒரு ஆய்வை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1961இல், தேர்வுகள் நடத்தும் அமெரிக்க அமைப்பான எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸில் பால் டீடரிக்கும் இரண்டு சகாக்களும் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தார்கள். ஆங்கில ஆசிரியர்கள், விஞ்ஞானப் பேராசிரியர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், வக்கீல்கள், கம்பெனி நிர்வாகிகள் என்று பல துறை ஆட்கள். எதைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை, தரம் பார்த்து ஒன்பது அடுக்காகப் பிரியுங்கள் என்றார்கள். நூற்றுக்கு 94 கட்டுரைகள் ஒன்பதில் ஏழு அடுக்குகளிலாவது போய் விழுந்தன. ஐந்துக்கும் குறைவான அடுக்குகளில் அடங்கிய கட்டுரை ஒன்றுகூட இல்லை! சிலர் கருத்தைப் பார்த்திருக்கிறார்கள், சிலர் எழுத்துப்பிழையை, சிலர் அமைப்பை, சிலர் சொற்களை, சிலர் எழுதியவனின் தனிச்சுவையை. ஆக அந்த ஐந்தும் முதலில், படித்தவர்கள் எப்படியெல்லாம் முரண்பட்டார்கள் என்பதன் விவரிப்பாகத்தான் வந்தன. அதையே பிறகு, இனி இந்தத் தலைப்புகளில் மட்டும் பார்த்து மார்க் போடுங்கள் என்று கட்டமாக்கினார்கள். உங்கள் மகள் கையில் உள்ள தாள் அந்த வம்சம்.

அதனால் நான் ரூப்ரிக்கின் எதிரி இல்லை. அது இல்லாத காலத்தில் படித்தவன் நான், கையெழுத்து அழகாக இருக்கிறவனுக்கு இரண்டு மார்க் கூடப் போகும், வாத்தியாருக்குத் தலைவலி என்றால் எல்லோருக்கும் குறையும். ஏன் குறைந்தது என்று கேட்கக் கையில் ஒரு தாள் இருப்பது பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து எழுதுவது, குருவானவர் சிவப்பையும் சேர்த்துச் சத்தமாக வாசிப்பது மாதிரி. முதலில் அவள் உங்கள் சொசைட்டி மொட்டை மாடியில் விழுகிற மழை எந்தக் குழாய் வழியாக எங்கே போகிறது என்று வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டு வந்து எழுதட்டும், தாள் பீரோவுக்குள் இருக்கட்டும். எழுதி முடித்ததும் வெளியே எடுத்து எது விட்டுப்போயிற்று என்று பார்த்தால் போதும். படைப்பாற்றல் கட்டத்தில் மூன்றுக்கும் நான்குக்கும் என்ன வித்தியாசம் என்று ஆசிரியையிடம் நீங்களே ஒரு வார்த்தை கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் அந்தக் கட்டத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

எத்தனை பக்கம், எத்தனை படம், எந்தத் தேதிக்குள் என்பதை மட்டும் முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஐந்துக்கு விடை கேட்டால் ஆறு எழுதிவிட்டு வருவதை இங்கிலாந்துத் தேர்வு வாரியங்கள் ரூப்ரிக் மீறல் என்றே சொல்லும். அதில் போகிற மார்க் வீண்.