மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா பதில்கள்: பள்ளிக்கூடத்துக்கு வரும் நாய்

எங்கள் நர்சரிப் பள்ளியில் ஜூன் மாதம் முழுக்க எல்.கே.ஜி. பிள்ளைகளின் அழுகைதான். வெளிநாட்டில் பிள்ளைகளின் மனசைத் தேற்றவென்றே தெரபி நாய்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, ஒரு லாப்ரடார் குட்டியை வாங்கி வகுப்பிலேயே வளர்க்கலாம் என்கிறார் எங்கள் தாளாளர். சரிப்படுமா?
– ஓர் ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

குட்டி வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள் அம்மணி. பல் மாறும் வயதில் குட்டி கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும், எல்.கே.ஜி. விரல் உட்பட. ராத்திரி அதை யார் பார்ப்பது? மே மாத லீவில் சோறு வைப்பது யார்? வாட்ச்மேன் தலையில்தான் விழும்.

தெரபி நாய் பள்ளிக்கூடத்தில் குடியிருக்கிற நாய் அல்ல. யாரோ ஒருவர் வீட்டில் செல்லமாக வளர்வது. ஒரு வயது தாண்டி, குணம் படிந்து, பழக்கப்பட்ட பிறகு, வளர்த்தவரே கூட்டி வருவார். கொஞ்ச நேரம் பிள்ளைகளோடு இருந்துவிட்டு அவரோடேயே வீட்டுக்குப் போய்விடும். 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற உளவியலாளர், பேச மறுத்த பிள்ளைகள் தன் நாய் ஜிங்கிள்ஸ் பக்கத்தில் இருந்தால் இளகுவதைக் கவனித்து எழுதினார். இது பரவ அதுவும் ஒரு தொடக்கம். இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு தடவை, தடவைக்கு 20 நிமிஷம், நாலு வாரம் நாயோடு இருக்க ஏற்பாடு செய்தார்கள். எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். எந்த ஏற்பாடும் இல்லாத பிள்ளைகளுக்கு அந்தப் பருவத்தில் அது ஏறியது. நாயோடு இருந்தவர்களுக்கு அப்படி ஏறவில்லை. இருபதே நிமிஷம்தான், நாள் முழுக்க அல்ல என்பதைத் தாளாளருக்குக் கோடிட்டுக் காட்டுங்கள். அந்தப் பிள்ளைகள் எல்.கே.ஜி.யும் அல்ல. மூன்றரை வயதுக் குழந்தை அழுவது அம்மாவைத் தேடி. அதற்குத் தினமும் காலையில் வாசலில் நின்று அதே முகமாக வாங்கிக்கொள்ளும் ஓர் ஆயாம்மா போதும்.

மூன்றாம், நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்றால் தாராளமாக யோசிக்கலாம். பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கு, ரிட்டயர்டு பேங்க்காரர் ஒருவர் தன் லாப்ரடாரைக் கூட்டிப் போனபோது நானும் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு மூலையில் ஜமுக்காளம். ஒரு நேரத்தில் நாலைந்து பிள்ளைகள். வர விரும்பாதவர்கள் பின் பெஞ்சில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள், யாரும் வற்புறுத்தவில்லை. நடுவில் நாய் கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. ‘தூக்கம் வருதாட்டம் இருக்குது’ என்று டீச்சர் சிரித்தார். பேங்க்காரர் சிரிக்கவில்லை. எழுந்து வேப்ப மரத்தடிக்கு அதைக் கூட்டிப் போய்விட்டார். ‘எனக்குப் போதும்’ என்று நாய் சொல்கிற விதம் அதுதான். அப்புறமும் பிள்ளைகள் மேலே விழுந்தால்தான் உறுமலும் கடியும் வரும். நான் மார்க் போடுவது நாய்க்கு அல்ல, கயிறு பிடிக்கிற ஆளுக்குத்தான்.

வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குடற்புழு மருந்து, உண்ணி இல்லாத உடம்பு, இவற்றுக்கெல்லாம் டாக்டர் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வேண்டும். வீசிங் உள்ள பிள்ளை இருக்கும், வீட்டு வழக்கப்படி நாயைத் தொடாத பிள்ளையும் இருக்கும். முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் நாயை வெளியே இழுக்கவே வேண்டாம்.

எங்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் குதறிப் போட்டது நாய்க் கூட்டம். அதைப் பார்த்த என் மகள் நாய் குரைத்தாலே நடுங்குகிறாள். அவள் பள்ளியில் இப்போது நாயைத் தடவிக் கொடுத்தால் மனசு லேசாகும் என்கிறார்கள். இது என்ன கூத்துங்க?
– ஆடு வளர்ப்பவர், வெள்ளகோவில்

உங்கள் கோபம் எனக்குப் புரியுதுங்க. காங்கேயம், சென்னிமலை, தாராபுரம் என்று இந்தச் சுற்று வட்டாரம் முழுக்கச் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்கிற அளவுக்குப் போய்விட்டது. குடல் சரிந்த ஆட்டுக்குத் தையல் போட்ட கை இது. உங்களுக்கு நாய்ப் பாசம் பற்றி வகுப்பெடுக்க மாட்டேன்.

உங்கள் மகள் அந்த அறைக்கே போக வேண்டியதில்லை. ‘பயத்தைப் போக்குகிறோம்’ என்று யாராவது அவள் கையைப் பிடித்து நாய் முதுகில் வைத்தால் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சண்டை போடுங்கள், நியாயம் உங்கள் பக்கம். அவளாகக் கேட்டால் மட்டும், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, கயிற்றில் இருக்கும் நாயைப் பார்க்கட்டும். கிட்டப் போவதும் போகாததும் அவள் இஷ்டம். ராத்திரி தூக்கத்தில் அலறுகிறாள், சாப்பாடு இறங்கவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். அதற்கு மருந்து நாய் அல்ல.

இதைவிட அவசரமாக அவளுக்குச் சொல்லித்தர வேண்டியது வேறு. தெருநாய் நெருங்கினால் ஓடக் கூடாது. கையை உடம்போடு ஒட்டி, கண்ணைப் பார்க்காமல் அசையாமல் நிற்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ள வேண்டும். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த் தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. அங்கே தோலில் போடும் வெறிநோய்த் தடுப்பூசி முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். ரத்தம் வந்திருந்தால் காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

பேரனுக்குத் திக்குவாய். பள்ளியில் வாயே திறப்பதில்லை. தோட்டத்துச் சாளையில் கட்டியிருக்கிற எங்கள் நாய் மணியிடம் மட்டும் பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கிறான், திக்கவே இல்லை. பைத்தியக்காரத்தனம் என்கிறான் என் மகன். நிறுத்தவா?
– அமுச்சி, தாராபுரம்

நிறுத்தாதீங்க அமுச்சி. திக்குகிற பிள்ளைகள் பலர் தனியாக இருக்கும்போதும் ஆடு மாடு நாயோடு பேசும்போதும் சரளமாகப் பேசுவார்கள். மணி திருத்தாது, அவசரப்படுத்தாது, பாதி வார்த்தையைத் தானே முடித்துவைக்காது. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் 1999இல் இதையே ஒரு திட்டமாகத் தொடங்கினார்கள். வாசிக்கத் தயங்கும் பிள்ளைகள் நாய் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் வாசிப்பார்கள். உங்கள் சாளையில் அது செலவில்லாமல் நடக்கிறது. மகன் அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று கேட்காமல் இருந்தாலே பெரிய உபகாரம். ஆனால் மணியோடு நின்றுவிடாதீர்கள், பேச்சுப் பயிற்சியாளரிடமும் காட்டுங்கள். அரசுத் தலைமை மருத்துவமனையில் பேச்சு, வளர்ச்சிக் குறை உள்ள இளம் பிள்ளைகளைப் பார்க்கும் இடையீட்டு மையம் எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

ராஜபாளையம் நாயைத் தெரபி நாய் ஆக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பெரும்பாலும் வேண்டாம் தம்பி. காவலுக்கும் வேட்டைக்கும் வந்த இனம், புது ஆளைக் கண்டால் விறைக்கும். தெருவில் பிறந்து, மனிதர் கை பட்டு வளர்ந்த சாதுவான நாட்டு நாய் அதைவிடத் தேவலாம். தட்டு கீழே விழும் சத்தத்துக்கும் வாலை இழுக்கும் பிள்ளைக்கும் அது என்ன செய்கிறது என்று முதலில் உங்கள் வீட்டிலேயே பாருங்கள்.