ரோத்தே தீவில் மனை: பத்திரம் யார் பெயரில்?

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட், வயது 52. போன ஆகஸ்டில் மகன் அலைச்சறுக்குக்காக இந்தோனேசியாவின் ரோத்தே தீவில் உள்ள நெம்பராலா கிராமத்துக்குப் போனான். நானும் கூடப் போனேன். பத்து நாளில் மனம் அங்கேயே நின்றுவிட்டது. தங்கிய வீட்டுக்காரர் கடலை ஒட்டி 10 ஆர் நிலம் தருகிறேன் என்கிறார். வெளிநாட்டவர் பெயரில் பதிய முடியாதாம். பத்திரம் தன் பெயரிலேயே இருக்கட்டும், நமக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம், எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார். நல்ல மனிதர்தான். என் சேமிப்பில் பாதி இதற்குப் போய்விடும். சிறு முன்பணமும் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா? நாலு அறை கட்டி வாடகைக்கு விடலாமா? ஓய்வுக்காலத்தை அங்கே கழிக்க முடியுமா?

பதில்: இந்த முறையில் வாங்காதீர்கள். அந்த மனிதர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம்.

இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டப்படி, 'ஹக் மிலிக்' என்னும் முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். அதே சட்டத்தின் 26-வது பிரிவைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டவருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ நிலத்தைக் கைமாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது. நிலம் அரசுக்குப் போய்விடும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. வீட்டுக்காரர் பெயரில் பத்திரம், உங்கள் கையில் கடன் பத்திரமும் பவரும் என்று எத்தனை தாள் எழுதினாலும், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் நீதிமன்றத்துக்கு அது மறைமுகக் கைமாற்றமாகத்தான் தெரியும். அவர் நாளை இறந்துபோனால் உங்களை முன்பின் பார்த்திராத அவருடைய வாரிசுகளிடம் போய் நிற்க வேண்டும். நில உரிமைச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் உரிமையாளர்.

அப்புறம், நிலத்தின் அளவு. ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். ஆக, 10 ஆர் என்றால் சுமார் 25 சென்ட். கடலைப் பார்த்த முகப்பு 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்ளே 50 மீட்டர்தான் போகும். ஆனால் அலை அதிகபட்சம் ஏறும் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டரைக் கடற்கரை ஓரப் பகுதியாக விட வேண்டும் என்பது அங்கே விதி. உங்கள் மனை முழுவதும் அதற்குள்ளேயே அடங்கிவிடும் போலிருக்கிறது. தொலைதூரத் தீவில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். 2025 ஜூலையில் பாலியின் பிங்கின் கடற்கரையில், அரசு நிலத்தில் பல வருடமாக நடந்துவந்த தங்கும் விடுதிகள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்களை அரசே இடிக்கத் தொடங்கியது.

சரி, நேர் வழி என்ன இருக்கிறது? 'ஹக் பக்காய்' என்னும் பயன்பாட்டு உரிமை வெளிநாட்டவர் பெயரிலேயே கிடைக்கும்: 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. ஆனால் அது இந்தோனேசியாவில் முறையாகக் குடியிருப்பவர்களுக்கானது; மாநிலத்துக்கு மாநிலம் வீட்டின் குறைந்தபட்ச விலை வரம்பும் உண்டு. நிறுவனம் தொடங்கலாம் என்றால், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனத்துக்கு நிலம், கட்டடம் நீங்கலாகவே 1,000 கோடி ரூப்பியாவுக்கு மேல் முதலீடு காட்ட வேண்டும். நாலு அறைக்கு இது தாங்காது. நிறுவனம் இல்லாமல் விருந்தினரிடம் வாடகை வாங்கினால் அது சட்டவிரோதத் தொழில்; விசாவுக்கே ஆபத்து. அதனால் வாடகை வருமானக் கணக்கை இப்போதே விட்டுவிடுங்கள்.

உங்களுக்குப் பொருந்துவது குத்தகைதான். கட்டிய வீடாகவே எடுங்கள், ஐந்து வருடத்துக்கு மேல் வேண்டாம். நோட்டரி முன்னால் எழுத வேண்டும். கணவர் மட்டும் கையெழுத்திட்டால் போதாது, மனைவியும் போட வேண்டும். பரம்பரை நிலம் என்றால் பங்காளிகள் அத்தனை பேரும் போட வேண்டும். தீவுகளில் வழக்கு பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது. நீட்டிப்புக்கு என்ன விலை என்பதை இன்றைக்கே எழுதிவிடுங்கள். முதல் தவணைக்கு முன் நில அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இனி வாழ்க்கை. நீங்கள் பார்த்தது ஆகஸ்ட், வறண்ட காலம், நல்ல அலை, நிறைய ஆட்கள். ஜனவரி, பிப்ரவரியில் மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது மாநிலத் தலைநகரான குப்பாங்கிலிருந்து வரும் படகுகள் நாள்கணக்கில் நிற்கும். கடல் அமைதியாக இருந்தாலே ரோத்தேயின் பாவா துறைக்கு விரைவுப் படகில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து நெம்பராலாவுக்கு மறுபடி சாலைப் பயணம். மருத்துவமனை பாவாவில் இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் கடல் தாண்டி குப்பாங் போக வேண்டும். 52 வயதில் இது சின்ன விஷயமா? மலேரியா உள்ள மாநிலம். கிணற்றுத் தண்ணீர் கோடையில் உப்புக் கரிக்கும். 2021 ஏப்ரலில் செரோஜா புயல் கிழக்கு நுசா தெங்காரா மாநிலத்தில் 150-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, ரோத்தேயும் அடிபட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் அங்கே இருந்தபோது, கடல் வற்றும் நேரத்தில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றில் கட்டிய கடற்பாசியைச் சோதிப்பதைக் காலையில் பார்த்துக்கொண்டே இருப்பேன். கரைக்கு வந்ததும் அதைப் பரப்பிக் காயவைப்பார்கள். அந்த இடம்தான் உங்களைப் போன்றவர்கள் கேட்கும் கடலோர மனை. அங்கே வேலி போட்டுவிட்டால் பாசி காயவைக்க இடமில்லை. 2009-இல் ஆஸ்திரேலியக் கடற்பகுதியில் இருந்த மொந்தாரா எண்ணெய்க் கிணறு பத்து வாரத்துக்கு மேல் கசிந்து இவர்களுடைய பாசி அழிந்தது. 15,000-க்கும் மேற்பட்ட விவசாயிகள் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் போராடி, 2022-இல்தான் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது. இழந்ததற்காகப் பதின்மூன்று வருடம் காத்திருந்த ஜனங்கள். எந்த இடம் எடுத்தாலும் கரைக்குப் போகும் பாதையையும் காயவைக்கும் திடலையும் விட்டுவிடுவதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் மனசு எனக்கு நன்றாகப் புரிகிறது. அங்கே லொந்தார் என்பது நம் பனையேதான். அதில் ஏறி, பாளை சீவி, ஓலையில் மடித்த 'ஹாயிக்' பட்டையில் பதநீர் இறக்கி, பாகு காய்ச்சி, ஓலை வளையத்தில் வட்டு வட்டாக வெல்லம் ஊற்றுகிறார்கள். ஒரு வட்டை வாயில் போட்டதும் எனக்கு உடன்குடிக் கருப்பட்டிதான் நினைவுக்கு வந்தது. அங்கே போனால் சொந்த ஊருக்கு வந்தது போலத்தான் இருக்கும்.

முன்பணத்தைத் திரும்பக் கேட்டு அந்த மனிதரைச் சங்கடப்படுத்த வேண்டாம். அதையே வாடகையாக வைத்துக்கொண்டு ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதம் ஓர் அறை தரச் சொல்லுங்கள். வந்திறங்கியதும் எடுக்கும் விசா 30 நாள், ஒருமுறை 30 நாள் நீட்டிக்கலாம், சரியாகப் பொருந்தும். மனைவியையும் அழைத்துப் போங்கள். படகு நின்ற நாளில் கடையில் என்ன கிடைக்கிறது, மின்சாரம் எத்தனை மணிக்குப் போகிறது, காய்ச்சல் வந்தால் யார் வண்டி எடுத்து வருகிறார்கள் என்று பாருங்கள். மார்ச்சில் எனக்கு மறுபடி எழுதுங்கள். குத்தகை வரைவைச் சேர்ந்தே பார்ப்போம்.